வேலை முடியாவிட்டால் பணம் வாபஸ்

நேர்மையான ஓர் அதிகாரியின் விலை அந்த மார்க்கெட்டில் தராசு ஒன்றுக்கு எண்ணூறாக இருந்தது. அதில் சல்லிக்காசுகூட அந்த அதிகாரிக்குப் போகவில்லை. அவளை விற்றுக்கொண்டிருந்தவன் பெயர் கேரண்டி. தான் விற்பனையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. காசு கொடுத்தவர்களுக்கோ தாங்கள் வாங்குவது நேர்மை என்பது தெரியாது. எல்லாரையும்போல லஞ்சம் கொடுத்து வேலையை முடித்துக்கொள்கிறோம் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

எடை முத்திரை அலுவலகம் மார்க்கெட்டின் ஓரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எடை போட்டு விற்கிற யாராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை தராசைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேற வேண்டும். மேலே அரசாங்க எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் முத்திரை விழும். இல்லாவிட்டால் தராசோடு அதே படியில் இறங்க வேண்டும். படிக்கு அடியில் கேரண்டி நிற்பான். தரகு வேலையில் அவனுக்கு மார்க்கெட்டில் போட்டியே இல்லாமல் போனதற்குக் காரணம், அவன் மட்டும் சொல்லிவந்த ஒரு வாக்கியம்: "வேலை முடியலன்னா பணம் வாபஸ். கேரண்டி." பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கோபம் வந்தால் மனைவிகூட அவனைக் கேரண்டி என்றுதான் கூப்பிடுவாள்.

முன்பிருந்த அதிகாரி பழகுவதற்கு எளிமையானவர். தராசுக்கு ஐந்நூறு. ஒரு தட்டு இல்லாத தராசைக் கொண்டுபோனாலும், "மீதி தட்டு வீட்ல இருக்கும், பரவால்ல" என்று குத்திவிடுவார். ஐந்நூறில் நூறு கேரண்டிக்கு. அவர் ஓய்வு பெற்றுப் போன இடத்துக்கு மேடம் வந்தாள்.

மேடம் வந்த வாரமே சர்க்கரை மண்டி முதலாளியின் தராசு முறை வந்தது. மண்டி முதலாளி வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர். அவர் கீழே காத்திருக்க, கேரண்டி ஐந்நூறைக் கவரில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான். மேடம் கவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒரு விரலால் கவரை மேசையின் விளிம்புவரை தள்ளினாள். "இதை எடுத்துட்டுப் போங்க. இன்னொரு தடவை இது இந்த மேசைக்கு வந்துச்சுன்னா போலீசும் கூட வரும்."

கேரண்டி இறங்கினான். ஒவ்வொரு படியிலும் அவன் பிழைப்பு ஒவ்வொரு முழம் கீழே போனது. கடைசிப் படியில் மண்டி முதலாளி அண்ணாந்து கேட்டார்: "என்னப்பா, வாங்கிட்டாங்களா?"

வாங்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்த வாய் இருபது வருடமாக வியாபாரத்தில் ஊறிய வாய். "வாங்கிட்டாங்க" என்றது.

மத்தியானம் மண்டித் தராசு முத்திரையோடு இறங்கிவந்தது. தராசு சரியாக இருந்தது, அதனால் குத்திவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் ஐந்நூறு முழுசாகக் கேரண்டியின் சட்டைப்பையில் கிடந்து சூடு பரப்பிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சோறுகூட அவனுக்கு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். இவ்வளவு காலமும் அதிகாரிக்கு நானூறு அழுதிருக்கிறோமே! நேர்மையான அதிகாரி என்றால் முழு லாபம் அல்லவா!

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தராசு தவறாக இருந்து மேடம் திருப்பி அனுப்பினால், வாக்குப்படி பணத்தை வாபஸ் தர வேண்டும். வாபஸ் தருவது கேரண்டிக்குப் பிடிக்காத காரியம். அதற்கும் வழி கண்டுபிடித்தான். "மேடம் ரொம்ப பயந்த சுபாவம். தராசு சரியா இருந்தாத்தான் கை நீட்டுவாங்க. மொதல்ல ரிப்பேர் கடைக்குப் போய்ச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் என்கிட்ட குடுங்க."

வியாபாரிகள் தலையிலடித்துக்கொண்டார்கள். தராசையும் சரி செய்து, காசும் கொடுப்பதா? இருந்தாலும் செய்தார்கள். அப்படியாக அந்த மார்க்கெட்டில் எந்தக் காலத்திலும் இல்லாத அதிசயமாக, ஒரு கிலோ என்பது ஒரு கிலோவாகவே இருந்தது. வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் ஒரு பிடி கூடப் போடச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்நூறு எண்ணூறானதற்குக் கேரண்டி சொன்ன காரணம், "பொம்பள அதிகாரி, பயம் ஜாஸ்தி." பிறகு மேடம் வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: 'அரசுக் கட்டணம் தவிர யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்.' கேரண்டி கீழே நின்று ஒரு பெருமூச்சு விட்டான். "பலகை வேற மாட்டிட்டாங்க. மேலேர்ந்து கெடுபிடி போலிருக்கு. இனிமே ஆயிரம்." கொஞ்ச நாளில் மேடம் எழுதிக் கேட்டு ஒரு கேமராவும் வந்தது. ஆயிரம், ஆயிரத்து இருநூறானது. அவள் நேர்மையைக் கூட்டக் கூட்ட இவன் ரேட்டைக் கூட்டினான். மார்க்கெட்டில் அவளுக்குப் பேராசைக்காரி என்று பெயர் நிலைத்தது.

கேரண்டிக்கு ஓர் ஆசை இருந்தது. உட்கார வேண்டும். இருபது வருடம் நின்றே பிழைத்தவன். படிக்கு எதிரிலேயே ஒரு சின்னக் கடை விலைக்கு வந்தது. ஷட்டர், மின்விசிறி, ஒரு மேசை. தராசு உதிரி பாகம் வைத்து விற்கலாம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிழைக்கலாம். சேமிப்பும் மேடம் தந்த லாபமும் சேர்த்து நாற்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். மீதியைக் கொடுத்தால் சாவி கையில்.

அந்தச் சாவியைத் தட்டிவிட்டது வெளியாள் இல்லை, மனைவியின் தம்பி.

மச்சானுக்கு ஆணிக்கடை. ஆணி, திருகு, கீல் எல்லாம் எடைக்கு. இரண்டு தராசு. பேரம் பேசாமல் அவனுக்கு எதுவும் செரிக்காது. தன் கல்யாணத்தன்று மாலை கட்டினவரிடமே, "ரெண்டு மாலை எடுக்கிறோம்ல, கொறைச்சுப் போடுங்க" என்று பேசியவன். தராசுக்கு ஆயிரத்து இருநூறு என்று மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் மனம் பொறுக்காமல் கிடந்தான். பிறகு நேராக மாடிக்குப் போய்விட்டான்.

திரும்பிவந்து படிக்கடியில் மாமாவின் தோளில் கை போட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மாமா, நேராவே பேசிட்டேன்."

"யார்கிட்ட?"

"மேடம்கிட்டதான். சில்லறையா வாங்குறவனுக்கு ஆயிரத்து இருநூறு சரி மேடம், நான் ரெண்டு தராசு, மொத்தமா ரெண்டாயிரம் போட்டுக்குங்கன்னேன்."

கேரண்டி தோளில் இருந்த கையை எடுத்துவிட்டான். "என்னடா சொன்னாங்க?"

"ரேட்டு ஒண்ணும் சொல்லல. உக்காரச் சொன்னாங்க, தண்ணி குடுத்தாங்க. யார்கிட்ட குடுக்கிறது, எவ்ளோ நாளா, வேலை முடியலன்னா என்ன பண்ணுவீங்கன்னு எல்லாம் ஆசையாக் கேட்டாங்க. நம்ம வாபஸ் திட்டத்தைச் சொன்னேன். அசந்துட்டாங்க, மாமா! எனக்கென்னமோ சரிக்கட்டி வரும்னு தோணுது."

"நீ நல்லா இருப்படா" என்றான் கேரண்டி.

மேடம் ஆளனுப்பவில்லை. தானே கீழே வந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரன் பார்க்க, "கேரண்டிங்கிறது நீங்கதானே? மேல வாங்க" என்றாள்.

மேலே, மேசையில் அரசாங்க எடைக்கற்கள் பெரிதும் சிறிதுமாக வரிசையாக நின்றன. கேரண்டிக்கு அவை எல்லாமே தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"மேடம், ஏதோ தெரியாம..."

"எதைத் தெரியாம? என் பேரு தெரியாமயா, என் பேருக்கு ரேட்டு தெரியாமயா?"

கேரண்டி கையைக் கட்டிக்கொண்டான்.

"எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து கேட்டா. 'அம்மா, ஒரு பையன் உங்கம்மா ஆயிரத்து இருநூறுன்னு சிரிக்கிறான், அப்படின்னா என்னம்மா?'ன்னு. எனக்குப் புரியல. மூணு வாரம் யோசிச்சேன். இன்னைக்கு உங்க மச்சான் வந்து மொத்த விலை கேட்டாரு. புரிஞ்சுடுச்சு."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"போலீசுக்குச் சொல்லப் போறீங்களா மேடம்?"

"யாரைப் பத்தி? வாங்கினது நீங்க, ஆனா என் பேர்ல. அதனால என்மேல நானே புகார் எழுதறேன். மேலதிகாரிக்கு. மொட்டைக் கடுதாசி இல்ல, கையெழுத்தோட. என்னை விசாரிங்கன்னு. வருவாங்க. ஒவ்வொரு கடையா ஏறி யார்கிட்ட குடுத்தீங்கன்னு கேப்பாங்க. எல்லாக் கையும் எந்தப் பக்கம் நீளும்?"

இப்படி ஒரு வியாபாரத்தைக் கேரண்டி கேள்விப்பட்டதே இல்லை. தன்னைத்தானே மாட்டிக்கொண்டு அடுத்தவனை இழுப்பது!

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க மேடம். ஒரு கடை பேசி வச்சிருக்கேன்..."

"வெள்ளிக்கிழமை அனுப்புவேன். அதுக்கு முன்னால வாங்கினதைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, குடுத்தார்னு அதையும் எழுதுவேன். நான் வாங்கலன்னு உங்க வாயாலயே எல்லார்கிட்டயும் சொல்லணும். இதுக்கு மேல பேரம் இங்க கிடையாது."

வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினான். கடை அட்வான்ஸில் கை வைக்காமல், கெஞ்சிக் கூத்தாடி இதிலேயே சமாளிக்க முடிந்தால் நல்லது என்று ஒரு நப்பாசை. முதலில் சர்க்கரை மண்டி.

"முதலாளி, இந்தாங்க ஆயிரம்."

"எதுக்கு?"

"போன தடவை தராசுக்குக் குடுத்தீங்களே, அது."

சர்க்கரை மூட்டைமேல் சாய்ந்திருந்த மண்டி முதலாளி நிமிர்ந்தே விட்டார். "முத்திரை விழுந்துடுச்சே! அப்புறம் எதுக்கு வாபஸ்?" முகம் வெளுத்தது. "யோவ், முத்திரையை ரத்து பண்றாங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. மேடம் காசே வாங்கல. நான்தான்..."

"பத்தலையா?" குரல் இறங்கியது. "எவ்ளோ கேக்கிறாங்க? மென்னு முழுங்காம சொல்லு."

"கேக்கவே இல்ல முதலாளி!"

"கேக்கலையா? அப்ப பெருசா எதிர்பாக்கிறாங்க." கல்லாவைத் திறந்து ஐந்நூறை எடுத்து அந்த ஆயிரத்தோடு சேர்த்துக் கேரண்டியின் பையில் திணித்தார். "மூஞ்சி கோணாம வாங்கிக்கச் சொல்லு. சங்கத் தலைவர் சொன்னாருன்னு சொல்லு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பணம் திரும்பி வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம் என, மார்க்கெட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியவனே கேரண்டிதான். முடிந்துபோன வேலைக்கு லஞ்சம் திரும்பி வந்ததை அங்கே ஒருத்தரும் கண்டதில்லை. கடைக்குக் கடை இதே கதை. உண்மையைச் சொன்னால், "பொடி வச்சுப் பேசாத" என்றார்கள். சத்தியம் செய்தால், "இருநூறு போதுமா?" என்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறாயிரத்தோடு கிளம்பியவன் ஒன்பதாயிரத்தோடு வீடு வந்து சேர்ந்தான்.

மனைவி தையல் மெஷினில் இருந்தாள். வேறு யாரிடமும் சொல்ல வழியில்லாததால் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். மெஷின் நின்றது.

"அந்தம்மா வாங்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லங்கிறேன்ல."

"பஸ்ல பாத்தேன் அவங்கள. பக்கத்துல இடம் இருந்துச்சு, உக்காருங்கன்னு சிரிச்சாங்க. உக்காந்தா எனக்கும் அந்தக் காசு நாத்தம் ஒட்டிக்கும்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். நம்ம வீட்டு நாத்தம்தானா அது?" மெஷினில் இருந்த துணியை உருவி மடித்தாள். "கேரண்டி, அந்தச் சிரிப்பை யாருய்யா வாபஸ் குடுக்கிறது?"

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் சமாளித்திருப்பான். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை.

காலையில் முகம் கழுவும்போது அவனுக்கு ஒரு வழி தோன்றியது. உண்மை இந்த மார்க்கெட்டில் விலைபோகவில்லை. இவர்கள் நம்புவது ஒன்றைத்தான். படிக்கடியில் நின்று கையைத் தட்டினான். கூட்டம் கூடியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னைக்குக் காசு குடுக்காம யாராச்சும் தராசோட மேல போங்க. முத்திரை விழலன்னா, ரேட்டு ஆயிரத்து இருநூறுக்கு ரெண்டு மடங்கு நான் என் கைலேர்ந்து தர்றேன். கேரண்டி!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். மச்சானுக்கு மட்டும் கண் பளபளத்தது. இரண்டு தராசு, இரண்டு மடங்கு.

"நான் போறேன் மாமா. வார்த்தை மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

"இரு, தராசு எடுத்துட்டு வந்துடறேன்."

எடுத்துவர ஆணிக்கடைக்குப் போனவன் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். வந்தபோது இரண்டு தராசையும் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தட்டு சாயாமல் படியேறினான். கூட்டமும் பின்னாலேயே ஏறி வாசலில் முட்டி மோதிக்கொண்டு நின்றது. மண்டி முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு முன்வரிசை பிடித்தார்.

மேடம் முதல் தராசைக் கொக்கியில் மாட்டினாள். இரண்டு தட்டும் காலியாக இருக்க, முள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"தப்பா இருக்கு போலிருக்கே மேடம்" என்றான் மச்சான், துக்க வீட்டுக் குரலில். "பரவால்ல, முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மேடம் சாய்ந்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சுண்டைக்காய் அளவு மெழுகு, இன்னும் ஆறக்கூட இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தாள். முள் நடுவுக்கு வந்து நின்றது. அரசாங்கக் கல்லை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. முத்திரையைக் குத்தினாள். இரண்டாவது தராசிலும் அதே மெழுகு, அதே நகம், அதே முத்திரை.

"மேடம், ஒரு நிமிஷம்!" மச்சான் பதறினான். "இவ்ளோ ஈஸியாக் குத்தறீங்களே! இன்னும் நல்லாப் பாருங்க, வேற ஏதாச்சும் தப்பு இருக்கும்!"

"இல்லையே. தராசு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல." காகிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "மெழுகு உங்களுது. இன்னொரு தடவை பாத்தேன்னா தராசு இங்கயே தங்கிடும். அரசுக் கட்டணத்தைக் கட்டிட்டு ரசீது வாங்கிக்குங்க."

மண்டி முதலாளிதான் முதலில் வாய் திறந்தார்.

"காசும் குடுக்கல. தோக்கணும்னே போயிருக்கான். அப்பவும் பாஸ் பண்ணி அனுப்பிட்டாங்களேய்யா!" மேடத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருடமாக அவளைப் பற்றித் தன் மண்டியில் பேசியதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது. "அப்ப இவங்க நெசமாவே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "அப்ப எங்க காசு?"

அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது.

கேரண்டி ஓடவில்லை. "என்கிட்டதான்" என்றான். "மேடம் ஒரு காசு வாங்கல. வாங்கிட்டாங்கன்னு நான் பொய் சொன்னேன்."

நேற்று சத்தியம் செய்தும் நம்பாதவர்கள் இன்று ஒரே மூச்சில் நம்பினார்கள். கீழே இழுத்துப்போய்ச் சட்டையைப் பிடித்தார்கள். "நேத்து திருப்பிக் குடுத்தேனே, நீங்கதானே வாங்க மாட்டேன்னீங்க" என்றதற்கு, "நேத்து அது லஞ்சம், இன்னைக்கு எங்க காசு" என்றார் மண்டி முதலாளி. வட்டியும் கேட்டார்கள். தராசு சரி செய்த கூலியும் கேட்டார்கள். அதற்கு மட்டும் கேரண்டி சிலிர்த்துக்கொண்டு, "எடை சரியாப் போட்டதுக்கு நஷ்டஈடாய்யா கேக்கறீங்க? வேணும்னா மேல போய் மேடம்கிட்டயே கேட்டுப் பாருங்க" என்றான். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

கடையை விற்கவிருந்தவரிடம் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான். பேச்சை முறித்ததற்குப் பத்தாயிரம் பிடித்துக்கொண்டு முப்பதைத் தந்தார். ஷட்டரை அவன் கண் முன்னாலேயே இறக்கிப் பூட்டினார். வீட்டில் மனைவி தையல் கூலி போட்டுவைக்கும் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன் கவிழ்த்தாள். வாங்கின வரிசைப்படியே கடை கடையாகப் போய்க் கொடுத்துக்கொண்டே வந்தான். வாங்கிக்கொண்ட ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனான். மேடம் தன்மேல் தானே எழுதிய புகாரை முன்னால் வைத்திருந்தாள். கடைசிப் பத்திக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"சொல்லுங்க. வாங்கினது எவ்ளோ?"

"ரெண்டு வருஷத்துல நாப்பதாயிரத்து ஐந்நூறு மேடம். திருப்பிக் குடுக்கப் போன அன்னைக்கு மேற்கொண்டு சேந்தது மூவாயிரம். மொத்தம் நாப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "திருப்பிக் குடுக்கப் போனப்ப சேந்துச்சா?"

"ஆமா மேடம். தடுக்க முடியல."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று அவன் பார்ப்பதற்குள் போய்விட்டது. "குடுத்தது?"

"கடை அட்வான்ஸ்ல வந்தது முப்பதாயிரம். கையில இருந்தது ஒம்பதாயிரம். வீட்ல தையல் காசு ரெண்டாயிரத்து நூறு. ஆக நாப்பத்தோராயிரத்து நூறு குடுத்தாச்சு."

"பாக்கி ரெண்டாயிரத்து நானூறு."

கேரண்டி தொண்டையைச் செருமினான். இருபது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், ரவுண்டா ரெண்டாயிரம்னு போட்டுக்கலாமா?"

மேடம் புகாரின் மேல் குனிந்தாள். பெறப்பட்டது 43,500. திருப்பித் தரப்பட்டது 41,100. பாக்கி 2,400 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.